மாடல் ஒண்ணு, செட்டு வேற

ஹாங்காங்கின் நாதன் சாலையில் சுங்கிங் மேன்ஷன்ஸ் எங்கே என்று கேட்டால் வழி தெரியாதவர் கிடையாது. 1961-இல் கட்டிய 17 மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் நாணயமாற்றுக் கடைகள், சமோசா, சிம் கார்டு; மேலே, கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத விடுதி அறைகள். லிஃப்டுக்கு எந்நேரமும் வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் உருது, வங்காளம், பிரெஞ்சு, ஆப்பிரிக்க மொழிகள் எல்லாம் காதில் விழுகின்றன. தமிழ் விழுந்தது ஒரு செல்பேசிக் கடையின் முன்னால். கடைக்காரர் கீழக்கரைக்காரர். இளம் வயதிலேயே கப்பலேறி வந்து இங்கேயே தலை நரைத்தவர்.

அவருடைய கண்ணாடி அலமாரியில் ஒரே மாடல் செல்பேசி மூன்று அடுக்காக இருந்தது. நிறம்கூட ஒன்றே. மூன்று அடுக்குக்கும் மூன்று விலை.

“மூணும் ஒண்ணுதானே பாய்?”

“மாடல் ஒண்ணுதான் தம்பி. செட்டு வேற வேற.”

மேலடுக்கில் இருந்தவை பெட்டி பிரிக்காத புதுச் செட்டுகள். கீழே, பிரித்துப் பழுது பார்த்துச் சேர்த்தவை. நடுவில் இருந்தவைதான் என்னைப் பிடித்து நிறுத்தின. ‘14 நாள் செட்’ என்று அவற்றுக்குப் பெயர். ஐரோப்பாவில் யாரோ ஆசையாக வாங்கி, ஏதோ ஒன்று பிடிக்காமல் இரண்டு வாரத்துக்குள் கடையில் திருப்பிக் கொடுத்தவை. இந்தக் கட்டடத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானுடவியலாளர் கார்டன் மேத்யூஸ் இந்த வணிகத்தைப் பற்றி 2011-இல் வந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் புழங்கிய செல்பேசிகளில் ஐந்தில் ஒரு பங்குவரை ஒரு காலத்தில் இந்தக் கட்டடத்தின் வழியாகப் போயிருக்கலாம் என்பது அவர் மதிப்பு. இப்போது அந்த நெரிசல் இல்லை. “எல்லாரும் நேரா உள்ளே போயிடுறாங்க” என்று பாய் வடக்கே கைகாட்டினார். உள்ளே என்றால் சீனப் பெருநிலம்.

14 நாள் செட்டில் என்ன குறை என்று எந்தச் சீட்டும் சொல்லாது. சிலவற்றில் குறையே இருக்காது. வாங்கியவர் மனம் மாறியிருப்பார். ஆகவே பாய் ஒவ்வொன்றையும் தானே சோதிக்கிறார். வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வீடியோ ஓடவிடுவார். வெள்ளைச் சுவரைப் படமெடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்ப்பார். சார்ஜரில் போட்டு மீட்டரைக் கவனிப்பார். கடைசியில் புறங்கையை செல்பேசியின் முதுகில் வைப்பார். “சிலது பத்து நிமிஷத்துல சுட்டுரும். சிலது நாள் பூரா ஓடினாலும் சூடே காட்டாது. ஒரே பெட்டிதான், ஒரே கம்பெனிதான். நான் என்ன செய்ய?”

நான் தேடி வந்ததும் இதைத்தான். சென்னை ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர்கள் இதையே வேறு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு மாடலில் ஒரு செட் மாதா மாதம் மேசைக்கு வரும்; அதன் கூடப் பிறந்தது கடைப் பக்கமே வராது. எங்கள் வீட்டிலேயே ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டில் ஒன்று வருடம் திரும்புமுன் போர்டு போய் நின்றுவிட்டது. மற்றது பேட்டரி மாற்றாமல் இன்னும் ஓடுகிறது. வீட்டில் ராசி என்றார்கள். செத்துப்போன செட்டுக்குப் பணம் கட்டியவருக்கு அந்தச் சொல் போதாது. மாதத் தவணையில் வாங்கியவருக்குச் சுத்தமாகப் போதாது. செட் நின்ற பிறகும் தவணை நிற்பதில்லை.

விடை தேடி, பாய் கைகாட்டிய வடக்கே நானும் கிளம்பினேன். மேற்குக் கவுலூன் நிலையத்தில் ஹாங்காங்கின் குடியேற்றச் சோதனையும் சீனாவின் சோதனையும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. ரயிலில் உட்கார்ந்து பையைச் சரிசெய்வதற்குள் ஃபூட்டியன் வந்துவிடுகிறது. கால் மணி நேரப் பயணம், பெரும்பகுதி சுரங்கம். அங்கிருந்து மெட்ரோவின் இரண்டாம் தடத்தில் மூன்றாவது நிறுத்தம், ஷென்ஜென் நகரின் மின்னணுச் சந்தைப் பகுதியான ஹுவாச்சியாங்பெய்.

படியேறி வெளியே வந்ததும் முதலில் காதில் விழுவது பொட்டலம் ஒட்டும் டேப்பைக் கிழிக்கும் சத்தம். தெரு நெடுகத் தள்ளுவண்டிகள், அட்டைப்பெட்டிகள், பெட்டிமேல் பெட்டி ஏற்றிய மின்ஸ்கூட்டர்கள். நடைபாதையில் குத்தவைத்து உட்கார்ந்து ஏற்றுமதிப் பொட்டலம் கட்டுகிறார்கள். தலைக்கு மேலே செக் பிளாசா, 72 மாடி. 2021 மே மாதம் இந்தக் கட்டடம் திடீரென்று ஆடத் தொடங்கி, உள்ளே இருந்தவர்கள் தெருவில் சிதறி ஓடிய காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. சில மாதம் மூடி, பிறகு திறந்தார்கள். இதே இடத்தில் 1988-இல் செக் நிறுவனம் மின்னணுச் சந்தையைத் தொடங்கியது. அப்போது ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலமாகி எட்டு ஆண்டுதான் ஆகியிருந்தது.

உள்ளே கடை என்பது ஒரு மீட்டர் மேசை. அதற்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் கூரைவரை இழுப்பறைகள். ஒரு மேசையில் மின்தேக்கிகள் மட்டும், மணல் துகள் அளவில், சுருள் சுருளாக. அடுத்ததில் சார்ஜிங் ஜாக் மட்டும். இன்னொன்றில் திருகாணி. ஒரு மேசையடியில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நாம் ஒரே பொருள் என்று சட்டைப்பையில் வைத்திருப்பது இங்கே பிரிந்து கிடக்கிறது. நான் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். இத்தனை மேசையிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்த பொருள் இன்னொன்றைப் போல அச்சாக எப்படி இருக்க முடியும் என்ற கேள்வி படிக்குப் படி வலுத்தது.

செல்பேசி உதிரிபாகங்களுக்கென்றே இருக்கும் ஃபெய்யாங் சந்தையில் டிஸ்ப்ளே மேசைகள் வரிசையாக இருந்தன. சென்னைக் கடைகளில் ‘காம்போ’ என்று கேட்டு வாங்குவோமே, அந்த டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த தகடுதான். ஒரே மாடலுக்கு இங்கே பல தரம். கழற்றிய ஒரிஜினல் ஒன்று. கண்ணாடி மட்டும் உடைந்து, உள்ளே பேனல் உயிரோடிருந்ததை எடுத்து, சூடேற்றிக் கண்ணாடியைப் பிரித்து, புதுக் கண்ணாடி ஒட்டி, அழுத்தத் தொட்டியில் வைத்துக் காற்றுக் குமிழி நீக்கியது ஒன்று. பிறகு நகல்கள்: பிளாஸ்டிக் அடித்தளத்தில் செய்த ‘சாஃப்ட் ஓலெட்’, கண்ணாடி அடித்தளத்தில் செய்த ‘ஹார்ட் ஓலெட்’, எல்லாவற்றிலும் மலிவான ‘இன்செல்’. மேசைக்காரப் பெண் ஐந்தையும் ஒரே நேரத்தில் மின்னிணைப்பில் போட்டுக் காட்டினாள். தனித்தனியாகப் பார்த்தால் ஐந்தும் வெள்ளை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நீலம், ஒன்றில் ஓரத்தில் மங்கல். பழுது பார்த்த செட்டுகள் ஏன் பல விதமாக நடக்கின்றன என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஆனால் என் கேள்வி பழுது பார்த்தவற்றைப் பற்றியதல்ல. பெட்டி பிரிக்காத, முத்திரை உடைக்காத, ஒரே ஆலையில் பிறந்த புதுச் செட்டுகள் ஏன் வேறுபடுகின்றன? இதற்கு விடை சொல்ல ஹுவாச்சியாங்பெய் மேசைகளில் ஆளில்லை. அதற்காகத்தான் தூத்துக்குடிக்காரத் தம்பி ஒருவரை மாலையில் வரச் சொல்லியிருந்தேன். பக்கத்து நகரமான டோங்குவானில் கேமரா மாட்யூல்களின் தரம் பார்க்கும் பொறியாளர். செக் பிளாசாவுக்குப் பின்னால் ஒரு லான்ஜோ நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தோம். மாவை இழுத்து இழுத்து அடிக்கும் சத்தத்துக்கு நடுவே அவர் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“ஒரே மாதிரின்னு எவனும் செய்றதில்ல அண்ணாச்சி. எல்லைக்குள்ள இருக்கான்னுதான் பாக்குறது.”

வரைபடத்தில் ஒரு பாகத்துக்கு ஓர் அளவு மட்டும் எழுதியிருப்பதில்லை. கூடினால் இவ்வளவு, குறைந்தால் இவ்வளவு என்று இரண்டு எல்லைகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவே எங்கே விழுந்தாலும் பாஸ். உயர்ரகச் செல்பேசி ஒன்றில் மின்தேக்கிகளின் எண்ணிக்கையே ஆயிரத்தைத் தொடும். ஒரு செட்டில் பேட்டரி எல்லைக்குள்ளேயே கொஞ்சம் தடிப்பு, சட்டம் எல்லைக்குள்ளேயே கொஞ்சம் ஆழம் குறைவு, பசை எல்லைக்குள்ளேயே கொஞ்சம் கனம் என்று மூன்றும் சேர்ந்துவிட்டால், டிஸ்ப்ளேயின் முதுகில் வருடக்கணக்கில் ஓர் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். தனித்தனியாக எதுவும் தவறில்லை. இன்னொரு செட்டில் மூன்றும் எதிர்த்திசையில் விழுந்து, தாராளமாக இடம் கிடைக்கும்.

தம்பியின் துறையிலேயே உதாரணம் உண்டு. கேமராவின் லென்ஸை சென்சாருக்கு மேல் வைக்கும்போது, படத்தைப் பார்த்துக்கொண்டே இயந்திரம் லென்ஸைச் சாய்த்துத் திருப்பி, நான்கு மூலையும் தெளிந்த இடத்தில் நிறுத்துகிறது. உடனே புற ஊதா ஒளி பாய்ச்சிப் பசையை இறுக வைக்கிறார்கள். பசை இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கம் சில மைக்ரான் கோணல் போனால் படத்தின் ஒரு மூலை மட்டும் மென்மையாகிவிடும். சுங்கிங்கில் பாய் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துத் தேடியது அதைத்தான்.

சிப்பின் கதை இன்னும் ஆழமானது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான சிலிக்கான் வில்லையில் சில நூறு சிப்புகளை ஒரே தடவையில் உருவாக்குகிறார்கள். தோசைக்கல்லில் மாவை எவ்வளவு கைதேர்ந்தவர் தேய்த்தாலும் நடுவும் ஓரமும் அச்சாக ஒன்றுபோல் வேகாது, அப்படித்தான் வில்லையும். ஒரு சிப் குறைந்த மின்னழுத்தத்திலேயே முழு வேகம் போகும். அதன் பக்கத்தில் பிறந்தது அதே வேகத்துக்குக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். ஆலையிலேயே அளந்து, அந்தந்தச் சிப்புக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்பதை அதற்குள்ளேயே அழியாமல் பதித்துவிடுகிறார்கள். 2013-இல் வந்த நெக்ஸஸ் 5 செல்பேசியில் இந்த எண்ணைத் தோண்டி எடுத்து, தங்களுக்கு வாய்த்தது நல்ல சிப்பா சுமாரா என்று ஆர்வலர்கள் ஒப்பிட்டுக்கொண்டார்கள். கூடுதல் மின்னழுத்தம் என்றால் கூடுதல் சூடு. கூடுதல் சூடு என்றால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். சிப்பும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பாயின் புறங்கை கண்டுபிடித்தது இதையாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் ஒரே ஆலைக்குள் நடப்பது. பாகத்தை இரண்டு ஆலைகளிடம் வாங்கினால்? 2015-இல் வந்த ஐபோன் 6எஸ்-இன் ஏ9 சிப்பை சாம்சங்கும் செய்தது, தைவானின் டிஎஸ்எம்சியும் செய்தது. பிரித்துப் பார்த்தவர்கள் இரண்டின் பரப்பளவே வேறாக இருப்பதைக் காட்டினார்கள்: ஒன்று 96 சதுர மில்லிமீட்டர், மற்றது ஏறக்குறைய 104. வாங்கியவர்கள் கொதித்ததும், இயல்பான பயன்பாட்டில் பேட்டரி நீடிப்பது 2 முதல் 3 விழுக்காடுதான் வேறுபடும் என்று ஆப்பிள் சொன்னது. அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் எவன் கையில் எது என்று பெட்டியில் எழுதவில்லை. 2017-இல் ஹுவாவேயின் பி10 செல்பேசியில் நடந்தது இதைவிட மோசம். சந்தையில் நினைவகச் சிப்புத் தட்டுப்பாடு. ஆகவே சில செட்டுகளில் வேகமான யுஎஃப்எஸ் வகை, சிலவற்றில் அதைவிட மெதுவான இஎம்எம்சி வகை. மாடல் பெயர் ஒன்று, விலை ஒன்று. வேகத்தை அளக்கும் செயலியை ஓட்டிப் பார்த்த சீன வாங்குபவர்கள்தாம் இதை வெளியே கொண்டுவந்தார்கள். நிறுவனத்தின் செல்பேசிப் பிரிவுத் தலைவர் ரிச்சர்டு யூ பிறகு வருத்தம் தெரிவித்தார். இது விபத்தல்ல, முடிவு. தட்டுப்பாடு யார் குற்றமும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சொல்லாமல் விற்றது குற்றம்தான்.

நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. நான் பேட்டரியைப் பற்றிக் கேட்டேன். தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நோட் 7-ஐ எங்களுக்கெல்லாம் பாடமாவே நடத்துவாங்க அண்ணாச்சி” என்றார்.

2016 ஆகஸ்ட் 19-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கடைக்கு வந்தது. செப்டம்பர் 2-இல் திரும்பப் பெறும் அறிவிப்பு. அதற்குள் சில செட்டுகள் தீப்பற்றியிருந்தன. அந்த மாடலுக்கு இரண்டு நிறுவனங்கள் பேட்டரி கொடுத்தன: சாம்சங் எஸ்டிஐ, ஏடிஎல். தீப்பற்றியவை முதல் நிறுவனத்தின் பேட்டரிகள் என்று கருதி, இரண்டாவது நிறுவனத்தின் பேட்டரி போட்ட செட்டுகளை மாற்றாகக் கொடுத்தார்கள். அக்டோபரில் அமெரிக்காவில் புறப்படத் தயாராக இருந்த விமானம் ஒன்றில் மாற்றிக் கொடுத்த செட்டும் புகைந்தது. அந்த மாதமே மாடலை நிறுத்திவிட்டார்கள். 700 பொறியாளர்களைக் கொண்டு 2 லட்சம் செல்பேசிகளையும் 30 ஆயிரம் பேட்டரிகளையும் சோதித்ததாக 2017 ஜனவரியில் சாம்சங் அறிவித்தது. முதல் வகையில், பேட்டரியின் மேல் வலது மூலையில் உறைக்குள் இடம் போதாமல் எதிர்மின் தகடு வளைந்திருந்தது. இரண்டாவது வகையில், பற்றவைத்த இடத்தில் உலோகப் பிசிறு நீண்டு, மின்காப்பைத் துளைத்திருந்தது. சிலவற்றில் ஒட்டியிருக்க வேண்டிய காப்பு டேப்பே இல்லை. ஒரே மாடல் செல்பேசி, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேட்டரிகள், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கோளாறுகள். விற்ற செட்டுகளில் மிகப் பெரும்பாலானவை பற்றவே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அவற்றை வைத்திருந்தவர்கள், அருமையான செல்பேசி, ஏன் பிடுங்குகிறீர்கள் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

தம்பிக்கு இதைவிடப் பிடித்த கதை ஒன்று உண்டு. அதில் தீயே இல்லை. 2016 இறுதியில், சில ஐபோன் 6எஸ் செட்டுகள் சார்ஜ் இருக்கும்போதே அணைந்துபோவதாகப் புகார் வந்தது. ஆப்பிள் கண்டுபிடித்துச் சொன்ன காரணம் இது: 2015 செப்டம்பர், அக்டோபரில் செய்த செட்டுகளில் சிலவற்றின் பேட்டரிப் பாகம், கோர்ப்பதற்கு முன்னால் இருக்க வேண்டிய நேரத்தைவிடக் கூடுதலாகக் காற்றில் இருந்துவிட்டது. வெறும் காற்று அல்ல. ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்திய ஆலைக் காற்று. அதில் கொஞ்சம் நேரம் கூடியதன் பலன் ஒரு வருடம் கழித்து யாரோ ஒருவர் கையில் செல்பேசி அணைவதாக முடிந்தது. “தட்டு ஒண்ணு மேசையில கூடக் கொஞ்சம் நேரம் இருந்திருக்கும். அவ்வளவுதான் அண்ணாச்சி. அந்த லாட்டு முழுக்கப் போச்சு.”

அந்தக் கதையில் இன்னொன்றும் உண்டு. ஆப்பிள் தன் இணையதளத்தில் வரிசை எண்ணைத் தட்டச் சொன்னது; தட்டினால் உங்கள் செட் அந்த லாட்டைச் சேர்ந்ததா என்று தெரிந்தது. அதாவது எந்தச் செட் எந்த வாரம் பிறந்தது, அதற்குள் எந்த லாட் பேட்டரி என்பதெல்லாம் நிறுவனங்களின் கணக்கில் இருக்கிறது. வாங்கியவனுக்கு மட்டும் தெரியாது.

ஆலையைத் தாண்டிய பிறகு வழியும் தன் பங்கைச் செய்கிறது. 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் புழங்கினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிளின் வழிகாட்டலே சொல்கிறது. மே மாதச் சென்னையில் அது சாதாரண மதியம். ஒரு செட் குளிரூட்டிய கிடங்கிலிருந்து நேராகக் கைக்கு வருகிறது. இன்னொன்று தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு வருகிறது. லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் வயதாகும். சூட்டில் வேகமாக வயதாகும். தள்ளுபடி விற்பனையில் இரண்டும் ஒரே விலை.

அப்படியானால் எல்லைக்குள் இருப்பது போதாதா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குத் தரப் பொறியாளர்கள் எல்லாரும் சொல்லும் சம்பவம் ஒன்று இருக்கிறது. 1979 ஏப்ரலில் ஜப்பானின் அசாஹி நாளிதழில் வந்தது. சோனி தொலைக்காட்சிப் பெட்டிகள் ஜப்பானிலும் அமெரிக்காவின் சான் டியேகோவிலும் ஒரே வரைபடத்தின்படி உருவாயின. அமெரிக்கர்கள் ஜப்பானில் செய்ததையே விரும்பினார்கள். நிறத்தின் அடர்த்தியை அளந்தபோது வேடிக்கையான விடை வந்தது. சான் டியேகோப் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே எல்லைக்குள் இருந்தன, ஆனால் எல்லையின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை சமமாகப் பரவிக் கிடந்தன. ஜப்பானியப் பெட்டிகளில் சில எல்லையைத் தாண்டியும் இருந்தன, ஆனால் பெரும்பாலானவை நடுப்புள்ளியைச் சுற்றியே குவிந்திருந்தன. ஓர் ஆலை எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டது. மற்ற ஆலை நடுவைக் குறிவைத்தது. ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தகுச்சியின் கருத்தே இதுதான்: நடுவிலிருந்து விலக விலக இழப்பு கூடிக்கொண்டே போகிறது, எல்லைக் கோட்டில் திடீரென்று தொடங்குவதில்லை.

இதன் வேர் இன்னும் பழையது. அதுவும் தொலைபேசியில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் நிறுவனத்துக்குத் தொலைபேசிக் கருவிகளைச் செய்துகொடுத்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் வால்டர் ஷூஹார்ட் என்ற இயற்பியலாளர் வேலை பார்த்தார். ஒரே மாதிரி செய்த கருவிகள் ஏன் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான் அவருக்கும் கிடைத்த கேள்வி. 1924 மே 16-இல் தன் மேலாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். அதில் ஒரு சிறு வரைபடம். எந்த வேலையிலும் இயல்பான ஏற்ற இறக்கம் ஒன்று உண்டு, அதை ஒழிக்க முடியாது. அதற்கு மேல் திடீரென்று ஒன்று துள்ளினால் அதற்குத் தேடிப் பிடிக்கக்கூடிய ஒரு தனிக் காரணம் இருக்கும் என்பது அந்த வரைபடத்தின் சாரம். நூறு ஆண்டு கழித்தும் செல்பேசி ஆலைகளின் சுவரில் தொங்குவது அதன் வாரிசுதான். 1947-48-இல் ஷூஹார்ட் இந்தியாவுக்கு வந்து, மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தோடு சேர்ந்து இங்கும் தரக்கட்டுப்பாட்டைப் பரப்பினார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஸ்ரீபெரும்புதூர் நினைவு வராமல் எப்படி இருக்கும்? 2006 முதல் 2014 வரை நோக்கியா அங்கே செல்பேசி செய்தது. 2019 முதல் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் எக்ஸ்ஆர் உருவானது. 2022-இல் ஐபோன் 14, உலகச் சந்தைக்கு வந்த சில வாரங்களிலேயே அங்கும் தயாரானது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், பேருந்து பேருந்தாக இளம்பெண்கள் இறங்குவார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டத்துப் பிள்ளைகள். ஆனால் சென்னைக் கடைகளில், பெட்டியைத் திருப்பிப் பார்த்து, “சீனாவில செஞ்சது இல்லையா?” என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகள் கோர்த்தது மட்டம் என்ற எண்ணம் எனக்குக் கோபம் வரவழைக்கிறது.

தம்பியிடம் நேராகவே கேட்டேன்: கோர்க்கும் கையில் வித்தியாசம் உண்டா?

“கை இல்ல அண்ணாச்சி, லைன். எந்த லைனும் புதுசுல தடுமாறும். டோங்குவான் லைனும் அப்படித்தான், ஸ்ரீபெரும்புதூர் லைனும் அப்படித்தான். தடுமாறினா உள்ளேயே கழிச்சிருவோம். செலவு கம்பெனிக்கு.”

2023 தொடக்கத்தில், ஓசூரில் ஓர் ஆலையில் ஐபோன் மேலுறைகளில் ஏறக்குறைய பாதிதான் தேறுகின்றன என்று ஒரு செய்தி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நம் ஊர்ச் சரக்கே மட்டம் என்று பேசினார்கள். தேறாதது ஆலையைத் தாண்டவில்லை என்பதுதான் அந்தச் செய்திக்கு நேர்ப் பொருள். சிப் தைவானிலிருந்து, டிஸ்ப்ளே கொரியாவிலிருந்து என்று ஏற்கெனவே பலவிதமாக வந்து சேரும் பாகங்களை, ஒரே வகைச் சோதனைக் கருவிகளின் முன்னால், ஒரே எல்லைகளுக்குள் சேர்க்கிறார்கள். செட்டுக்குச் செட் வரும் வேறுபாட்டில் பெரும்பங்கு கோர்க்கும் பெண்ணின் மேசைக்கு வருமுன்பே அந்தப் பாகங்களுக்குள் உட்கார்ந்துவிட்டது. பெட்டியில் எழுதிய நாட்டின் பெயரைப் பார்ப்பவர்கள் பார்க்க வேண்டியதைப் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டியதைப் பெட்டியில் எழுதச் சொல்லும் முயற்சி ஒன்று தொடங்கியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புது மாடல் செல்பேசிகளுக்கு ஒரு முகப்புச் சீட்டு உண்டு. பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஏற்றும்வரை தாங்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 800 சுற்றுக்குப் பிறகும் பேட்டரியில் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்பது சட்டம். இந்தியாவிலும் பழுதுபார்ப்பு மதிப்பெண் கொண்டுவர நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறது. வரட்டும். ஆனால் அந்தச் சீட்டும் மாடலைப் பற்றித்தான் பேசுகிறது. என் கையில் இருக்கும் செட்டில் யாருடைய நினைவகம், எந்த லாட் பேட்டரி, அது எந்த மாதம் செய்தது என்பதை வரிசை எண்ணைத் தட்டினால் சொல்லுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். 2016-இல் ஒரு நிறுவனத்தால் ஒரு பாகத்துக்கு அதைச் செய்ய முடிந்தது. தவணை கட்டி வாங்குபவருக்கு அந்த விவரம் உரிமை.

இதை நான் சற்று உரக்கவே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி பதில் சொல்ல வாயெடுத்தபோது அவருடைய செல்பேசி அடித்தது. சீனத்தில் சிறிது நேரம் பேசினார். முகம் மாறிவிட்டது.

“ஒரு லாட்டு ஹோல்டுல இருக்காம் அண்ணாச்சி. மாட்யூல்ல இடது மூலை மட்டும் விழுது. நான் போகணும்.”

இந்த இரவிலா என்றேன். காலையில் அந்தத் தட்டுகள் கோர்க்கும் ஆலைக்குக் கிளம்பிவிடும் என்றார். போய் என்ன செய்வார்? பசை மாறியதா, விளக்கு மாறியதா, இயந்திரத்தை யாராவது கழற்றி மாட்டினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாராம். எல்லா மூலையும் கலந்து விழுந்திருந்தால் தலைவலி, ஒரே மூலை விழுவதால் பிடித்துவிடலாம் என்றார். பையை எடுத்துக்கொண்டு, எனக்கு மெட்ரோ வாசலைக் காட்டிவிட்டு, டோங்குவான் போகும் காருக்காகச் சாலையைக் கடந்தபடியே திரும்பிக் கத்தினார்:

“எந்த மெஷின், எந்த ஷிஃப்டுன்னு தெரிஞ்சா போதும் அண்ணாச்சி, மிச்சத்தை அனுப்பிரலாம்!”